இலையில்லாத ஒதிய மரம்

"அவ மரக்கட்டைங்கம்மா," என்றார் நாச்சிமுத்து. "பெத்த பையன் செத்துக் கிடக்கறான், ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை. காரியம் முடிஞ்சும் மாசக்கணக்கா வாய் திறக்கலை. அந்த வீட்டுல உசுரே இல்லைங்க. அதான் கெளம்பி வந்துட்டேன்."

மலையடிவார மடத்துக்கு அவர் வந்து நாலு வருஷம் ஆகிவிட்டது. தறிப்பட்டறையை விட்டார், வீட்டை விட்டார். மனைவி பாவாத்தாள் மேலிருந்த இந்தப் புகாரை மட்டும் விடமுடியவில்லை. துறவு என்றால் அப்படித்தான் போலிருக்கிறது.

குரு ஒரு பெண். நாச்சிமுத்துவைவிட வயதில் சிறியவர். எல்லோரையும்போல நாச்சிமுத்துவும் அவரை அம்மா என்றே அழைத்தார்.

"நாளைக்கு உங்களுக்குக் காவி தர்றேன்," என்றார் அம்மா. "சனம் சாப்பிட வரும். செத்த மரமாப் பாத்து விறகு வெட்டிட்டு வாங்க."

மழை பொய்த்த மூன்றாவது வருஷம் அது. சரிவில் ஒரு மரம் மொட்டையாக நின்றது. கோடாலி சுலபமாக இறங்கியது. அடியோடு சாய்த்து, துண்டு போட்டு, மத்தியானத்துக்குள் இழுத்து வந்துவிட்டார்.

அம்மா வெட்டுவாயைத் தொட்டுப் பார்த்தார். விரல் ஈரமானது.

"இது ஒதிய மரமாச்சே. செத்துப்போச்சுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"ஒரு இலைகூட இல்லீங்கம்மா."

"பட்டையை நகத்துல கீறிப் பாத்தீங்களா? உள்ளே பச்சை இருந்துதா?"

"பாக்கலீங்க."

அம்மாவுக்குக் கோபம் வந்திருந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை.

"தண்ணியை மேலே இழுக்கறதே இலைதான். வேருக்குக் கீழே தண்ணி இல்லாதப்பவும் அது இழுத்துக்கிட்டே இருந்தா, மரத்துக்குள்ளே காத்து புகுந்துரும்."

"மோட்டார்ல காத்து பிடிச்சுக்கற மாதிரிங்களா?"

"ஆமா. அப்புறம் தண்ணி ஏறாது. அதனாலதான் இருக்கற இலையெல்லாம் கொட்டிட்டு மரம் சும்மா நிக்குது."

நாச்சிமுத்து மரத்துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனித் துளிர்க்குங்களா?"

"மழை வந்தாத் துளிர்க்கத்தான் தண்டுல தண்ணியைச் சேத்து வச்சிருந்துது. தண்டைத்தான் நீங்க கொண்டு வந்துட்டீங்களே."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"அவ ஏன் அழலைன்னு நான் கேக்கவே இல்லீங்கம்மா."

கோடாலியைத் தள்ளி வைத்தார்.

"காவி வேண்டாங்க. நான் ஊருக்குப் போறேன்."

"போங்க."

"நான் விட்டுட்டு வந்த மாதிரியே இருப்பாளுங்களா?"

"இங்கே உக்காந்து பாத்தாத் தெரியாது."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்து ஊரில் இறங்கினார். தெருவில் தறிச் சத்தம் பழையபடி கேட்டது. வீட்டு வாசலில் நின்று கூப்பிட வாய் வராமல் கதவைத் தட்டினார்.

உள்ளே தாழ்ப்பாள் விலகியது. பாவாத்தாள்தான். தலை நன்றாக நரைத்திருந்தது.

"வாங்க," என்றாள். யார் வந்தாலும் சொல்வதுபோலச் சொன்னாள். உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

நாச்சிமுத்து செம்பைத் தொடவில்லை.

"நீ அழாம இருந்ததை நான் தப்பா நெனச்சுட்டேன், பாவாத்தா."

அவள் சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எம்மேல உனக்குக் கோவம் இருக்கும். ஆசை தீரத் திட்டு. அதுக்குத்தான் வந்தேன்."

"இருந்துச்சுங்க," என்றாள் பாவாத்தாள். "அது இருந்த வரைக்கும், நீங்க வந்துருவீங்கன்னு, ராத்திரியில கதவைத் தாழ்ப்பாள் போடாமத்தான் படுத்தேன்."