சடையன் குகை

மலையடிவாரத்தில் அறம்வளத்தாள் என்றொரு துறவி இருந்தாள். வயது நாற்பது. அவளுடைய சீடர் தாண்டவராயருக்கோ அறுபது. தர்க்கத்தில் புலி. அரசவைகளில் வாதாடி வென்று, அதுவும் சலித்துப்போய் அவளிடம் வந்து சேர்ந்தவர்.

ஒருநாள் காலை அவள் ஆற்றுக்குப் போயிருந்த நேரம், ஊர்த்தலைவன் மாசானம் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"சாமி, சடையனை மடக்கிட்டோம்!"

சடையனைப் பற்றித் தாண்டவராயரும் கேள்விப்பட்டிருந்தார். ஆளுயரம், உடம்பெல்லாம் ரோமம், வால் கிடையாது என்பார்கள். அந்த மலையில் எந்த ஆடு தொலைந்தாலும் பழி சடையன் தலையில்தான் விழும்.

"எங்கே?"

"குகைக்குள்ள ஓடிட்டு. வாசல்ல விறகும் பச்சைத் தழையும் போட்டுப் புகை மூட்டியிருக்கோம். ஆனா உள்ள அழுகைச் சத்தம் கேக்கு சாமி. பச்சப்பிள்ளை அழுத மாதிரி. எங்க ஆளுக பயப்படுதாங்க. மிருகம்னா தோசமில்ல, மனுசன்னா பாவம்லா? எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

தாண்டவராயருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"மூடர்களே! அதுகூடத் தெரியாமலா தீ மூட்டினீர்கள்?"

வைதுகொண்டே சுவடிக் கட்டை எடுத்து அவிழ்த்தார்.

"பேசியதா?"

"இல்ல."

"கல்லைக் கையில் எடுத்ததா?"

"எடுத்து எறிஞ்சது."

"யார் மேல்?"

"எங்க மேலதான், சாமி."

ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார். வாலில்லாதது ஒரு பக்கம் இழுத்தது, ரோமம் மறுபக்கம் இழுத்தது. இன்னொரு கட்டை அவிழ்த்தார்.

அறம்வளத்தாள் ஈரச்சேலையும் இடுப்பில் குடமுமாகத் திரும்பி வந்தாள். மாசானம் நடந்ததைச் சொன்னான். அவன் முடிப்பதற்குள் அவள் குடத்தை இறக்காமலே மலையேறத் தொடங்கினாள். மாசானமும், சுவடியும் கையுமாகத் தாண்டவராயரும் பின்னால் ஓடினார்கள்.

குகை வாசலில் இருபது பேர் தடியோடு நின்றார்கள். அழுகை நின்று வெகுநேரம் ஆகியிருந்தது.

அவள் குடத்து நீரை நெருப்பில் கொட்டினாள். போதவில்லை. எரிகிற கட்டைகளை வெறுங்கையால் இழுத்துப் போட்டாள்.

"அம்மா, வேண்டாம்! வெளிய வந்தா அடிச்சிரும்!" என்று மாசானம் கத்தினான்.

"அடிக்கட்டும். வாங்கிக்கொள்ள உங்களுக்குத் தகுதி இருக்கிறது."

"தாயே, சற்றே பொறுங்கள்" என்றார் தாண்டவராயர். "இன்னும் இரண்டு ஏடுதான் பாக்கி."

அவள் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

குகையின் கோடியில் பாறை விரிசல் ஒன்றில் இத்துனூண்டு காற்று வந்துகொண்டிருந்தது. அதில் குட்டியின் முகத்தை அழுத்தி வைத்து, முதுகால் புகையை மறித்தபடி, ஊரார் சடையன் என்று துரத்திய தாய் செத்துக் கிடந்தது.

குட்டிக்கு உயிர் இருந்தது. அவள் தூக்கி வந்தபோது இருமிக்கொண்டே அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. தடிகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. மலை உச்சியிலிருந்து ஏதோ கூவியது. குட்டி பதிலுக்குக் கூவியது. அவள் அதைச் சுமந்துகொண்டு உச்சிவரை ஏறி, விட்டுவிட்டு வந்தாள்.

சாயங்காலம் தாண்டவராயர் அவளுடைய வெந்த உள்ளங்கைகளில் எண்ணெய் தடவினார். அவருக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

"கொலைகாரப் பாவிகள்! நினைக்க நினைக்க வயிறு எரிகிறது, தாயே."

"ம்."

"ஒன்று மட்டும் சொல்லுங்கள். குகைக்குள் கிடந்ததைக் கிட்டத்தில் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். அது மனிதனா, விலங்கா?"

அறம்வளத்தாள் கையை இழுத்துக்கொண்டாள்.

"ஓடிவந்து மாசானம் கேட்டதும் அதைத்தானே? 'முதலில் போய்த் தீயை அணை' என்று சொல்ல உமக்கு எந்த ஏடு தேவைப்பட்டது?"