குறி போட்ட குன்று

அந்தக் காலத்தில் மலைகள் நடக்கும், பேசும், குட்டியும் போடும். நம்பினால் நம்புங்கள், எனக்கொன்றும் நட்டமில்லை. எங்கள் ஆறு மலைகளும் வடக்கேயிருந்து நடந்து வந்தவைதான். பகலெல்லாம் படுத்துக் கிடக்கும். பொழுது சாய்ந்தால் எழுந்து தெற்கே நடக்கும். அந்நேரம் மேலே ஆள் இருந்தால் போனதுதான்.

ஆட்டுக்கிடை போடும் காத்தாயிக்கு ஒரே மகள், அங்கம்மை. ஏழு வயது. ஆடு மேய்த்த களைப்பில் கடைசி மலையின் முதுகில் தூங்கிவிட்டாள். காத்தாயி தேடி வருவதற்குள் மலை எழுந்துவிட்டது. அலறிக்கொண்டு ஓடினாள்.

மலைக்குப் பின்னால் அதன் குட்டி, ஆட்டளவு பாறை, தத்தித் தத்திப் போய்க்கொண்டிருந்தது. குட்டியைப் பிடித்தால் தாய் நிற்கும். கிடைக்காரிக்கு இதைச் சொல்லியா தர வேண்டும்? பாய்ந்து பிடித்து முழங்கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டாள். பாறை வெதுவெதுப்பாக இருந்தது. அதற்குள் ஏதோ துடித்தது.

மலை நின்றது. அதன் குரல் காதில் கேட்கவில்லை, உள்ளங்காலில் ஏறியது. “என் குட்டியை விடு.”

“என் மகளை இறக்கு, விடுறேன்.”

மலை சரியென்று மண்டியிட்டது. அங்கம்மை கண்ணைக் கசக்கியபடி பாதிச் சரிவு இறங்கிவிட்டாள்.

பாழாய்ப்போன கை சும்மா இருந்ததா? யார் குட்டி என்று தெரியக் காதை நறுக்கிக் குறி போட்டே பழகிய கை. முழங்காலுக்குள் குட்டி சிக்கியதும் தானாக இடுப்பு அரிவாளை உருவி, காதுபோல் துருத்திய முனையை நறுக்கிவிட்டது. செம்மண் குழம்பாக வழிந்தது.

“குறி போட்டுவிட்டாயே” என்றது மலை. “இனி அது உன் குட்டி.”

“ஐயோ சாமி, கைப்பழக்கம்! தெரியாமச் செஞ்சுட்டேன்!”

“அது உன்னிடம் இருக்கட்டும். இவள் என்னிடம் இருக்கட்டும்.”

சரிவு திறந்தது, மூடியது. அங்கம்மை இல்லை.

காத்தாயி அங்கேயே கிடந்தாள். தினமும் பொழுது சாயும்போது மலைக்குள்ளிருந்து “ஆத்தா! ஆத்தா!” என்று அழுகை கேட்கும். வருசம் போகப்போக அழுகை ஓய்ந்து, பிறகு குரலே இல்லை. ஒருநாள் மறுபடி “ஆத்தா!” என்று கேட்டது, சிரித்தபடி. காத்தாயி விழுந்தடித்து ஓடிப் மலைச்சரிவில் முகத்தை வைத்து, “இந்தா வந்துட்டேன் தாயி!” என்றாள்.

உள்ளிருந்து அங்கம்மை சொன்னாள்: “உன்னையில்ல.”

அதிலிருந்துதான் ஐந்து மலைகள் தெற்கே வரிசையாக நிற்க, ஆறாவது மட்டும், குன்றாக வளர்ந்துவிட்ட தன் காதறுந்த குட்டியைப் பார்த்தபடி தனியே நிற்கிறது. அந்த மலைக்கும் குன்றுக்கும் நடுவே பிறக்கும் ஆட்டுக்குட்டிக்கு எந்தக் கிடைக்காரரும் இன்றுவரை குறி போடுவதில்லை.