தந்தத் தூண்டிலுக்கு நூறு பாட்டு

மருதூர் நாட்டு அரசர் அதிரவர்மருக்குக் கோபம் அதிகம். அதைத் தணிக்க அரண்மனை வைத்தியர் ஒரு வழி சொன்னார். தினமும் ஏரிக்கரையில் அமைதியாக உட்கார்ந்து மீன் பிடிக்க வேண்டும். அரசரும் பிடித்தார். பதினைந்தே நாளில் கோபம் இரட்டிப்பானது. தோள்வலியும் சேர்ந்துகொண்டது.

காரணம், கையிலிருந்த தூண்டில். தலைமை அமைச்சர் விசாலராயர் முன்னின்று செய்வித்தது. கோல் முழுவதும் யானைத் தந்தம். மூன்று இடங்களில் தங்கப் பூண். பிடியில் ஒரு சிங்கமுகம். அந்தச் சிங்கத்தின் பற்கள் அரசரின் உள்ளங்கையைத் தினமும் கடித்தன.

இதை யாருமே சொல்லவில்லையா? சொல்ல முடியாது. அந்த அவையில் ஒரு வழக்கம் இருந்தது. அரசர் கைக்குப் போகும் எந்தப் பொருளையும் முதலில் அவையினர் ஒவ்வொருவராக ஏந்திப் புகழ வேண்டும். புகழ்ந்து முடிக்கும்வரை கீழே விடக் கூடாது. இடையில் விட்டுவிட்டால் அந்தப் பொருள் அரசருக்கு ஆகாது என்று தள்ளிவிடுவார்கள்.

தந்தத் தூண்டிலைப் பதினோரு பேர் ஏந்தினார்கள். பதினோரு பேரும் "ஆஹா!" என்றார்கள். ஓர் ஆஹா சொல்லும் நேரத்தில் யாருக்குக் கை வலிக்கும்?

ஒரு நாள் எதிர்க்கரையில் சடையன் என்ற மீன்காரன் மூங்கில் தூண்டிலில் கெண்டைகளைச் சுண்டிச் சுண்டி எடுப்பதை அரசர் பார்த்தார். கூப்பிட்டு அனுப்பினார்.

"கை வலிக்காதா உனக்கு?"

"வலிக்காது சாமி. கல்மூங்கில், நெருப்புல வாட்டி நிமிர்த்தினது. வேணும்னா எடுத்துக்குங்க. சந்தையில ரெண்டு படி கேழ்வரகுக்குக் குடுக்கிறதுதான்."

விசாலராயர் துள்ளி எழுந்தார். "இரண்டு படி கேழ்வரகா! அரசரின் கைக்கு இவன் போட்ட மதிப்பைப் பாருங்கள்! இவன் இனி இந்த ஏரியில் தூண்டில் போடக் கூடாது."

சடையன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "சாமி, இந்த ஏரியை விட்டா எனக்குப் பொழைப்பு இல்லீங்க. வீட்டுல நாலு பிள்ளைங்க."

அரசரின் கண் மூங்கிலை விட்டு நகரவில்லை. ஆனாலும் வழக்கம் வழக்கம்தானே. "நாளைக் காலை இதே கரையில் அவை கூடட்டும். இரண்டு கோலையும் முறைப்படி பார்க்கட்டும். தந்தமே நின்றால் அமைச்சர் சொன்னதே தீர்ப்பு" என்றார்.

தீர்ப்பு அப்போதே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நாளைக்கும் பதினோரு ஆஹா.

அவையினரின் புகழுரைகளை ஓலையில் எழுதுபவள் மாதங்கி. அதிகம் பேசமாட்டாள். பேசாதவர்களுக்குப் பார்க்க நிறைய நேரம் கிடைக்கும். தந்தத் தூண்டிலை முதன்முதல் ஏந்திய நாளில், ஆஹா சொல்லி முடித்த அமைச்சர் சால்வைக்குள் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டதை அவள் பார்த்திருந்தாள்.

மறுநாள் காலை விசாலராயர் தந்தத் தூண்டிலை ஏந்தினார். "ஆ..." என்று வாய் திறந்தார்.

"ஒரு விண்ணப்பம்" என்று மாதங்கி எழுந்தாள். குரல் மெல்லியதாக இருந்தது. "போன முறை எழுதிய ஓலையில் பதினோரு ஆஹாதான் இருக்கிறது. இவ்வளவு பெரிய தூண்டிலுக்கு நம் அமைச்சருக்கு வேறு சொல்லே வரவில்லையா என்று பின்னால் வருபவர்கள் சிரிக்கமாட்டார்களா?"

விசாலராயருக்கு ரோஷம் வந்தது. "எனக்கா சொல் வராது? நூறு பாட்டுப் பாடுகிறேன். நீ எழுதத் தயாரா?"

"தயார் ஐயா. ஆனால் தோளில் சாத்திக்கொண்டு பாடினால் வேல் என்று நினைத்துவிடுவார்கள். ஏரியைப் பார்த்து நீட்டினால்தானே தூண்டில்?"

"நீட்டும்!" என்றார் அரசர்.

முதல் பாட்டில் கோல் வானவில் ஆயிற்று. நான்காம் பாட்டில் இந்திரன் அதை இரவல் கேட்டான். ஏழாம் பாட்டில் அமைச்சரின் குரல் நடுங்கியது. பக்தி என்று நினைத்துச் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பன்னிரண்டாம் பாட்டில், இந்திராணி வரவேண்டிய இடத்தில் "ஐயோ" வந்தது.

"ஐயோ என்பதையும் எழுதட்டுமா ஐயா?"

"எழுதாதே!"

பதினாறாம் பாட்டில் கோலின் நுனி தண்ணீரைத் தொட்டது. பதினேழாம் பாட்டில் பாதிக் கோல் தண்ணீருக்குள் இருந்தது. அமைச்சரின் முகம் பழுத்த கோவைப்பழம் போல் ஆனது.

"மன்னா, மீதி எண்பத்து மூன்றையும் நாளை..."

"கீழே வைக்கிறீரா?"

"இல்லை, இல்லை!" என்று பதறினார். அந்தப் பதற்றத்திலேயே விரல்கள் விட்டுக்கொடுத்தன. தொபுக்கென்று ஒரு சத்தம். தந்தம், தங்கம், சிங்கம் எல்லாம் ஏரிக்குள் போயின.

"தள்ளப்பட்டது" என்று மாதங்கி எழுதினாள்.

அரசர் திரும்பினார். "சடையா, உன் கோலை நீ புகழவில்லையே?"

சடையன் மெதுவாகத் தலையைச் சொறிந்தான். அமைச்சர் பாட ஆரம்பித்ததிலிருந்தே மூங்கிலை ஏரிப்பக்கம் நீட்டியபடிதான் நின்றிருந்தான். "எனக்குப் பாட்டெல்லாம் வராது சாமி. சும்மா நிக்கிறதுக்கு மூணு கெண்டை பிடிச்சேன்."

அரசர் அந்த மூங்கிலை வாங்கி ஒரு கையால் வீசினார். இத்தனை நாட்களில் முதல் முறையாக அவர் முகம் மலர்ந்தது. உடனே மீதிப் பத்துப் பேரும் ஒரே குரலில் "ஆஹா!" என்றார்கள்.

"இரண்டு படி கேழ்வரகு கொடுத்து இதை வாங்குங்கள். சடையன் இருக்கும்வரை இந்த ஏரியில் அவன் தூண்டிலைத் தடுக்க ஒருவருக்கும் உரிமையில்லை" என்றார் அரசர்.

சடையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கெண்டைகளை எண்ணாமலே கூடையில் போட்டான்.

"மாதங்கி, உன் அறிவுக்கும் ஒரு பரிசு தர வேண்டுமே. ஆட்களை மூழ்கவிட்டு அந்தத் தந்தத் தூண்டிலை எடுக்கச் சொல்கிறேன். அது உனக்கே உனக்கு!"

மாதங்கியின் கையிலிருந்து எழுத்தாணி நழுவியது.

"மன்னா, நான் என்ன குற்றம் செய்தேன்?"

அரசர் சிரித்த சிரிப்பில் எதிர்க்கரைக் கொக்குகள் எல்லாம் எழுந்து பறந்தன.