பன்னிரண்டு வருஷம் தள்ளி

"இந்த மெஷின் என்னை உள்ளே விடமாட்டேங்குது மேடம்" என்று வந்து நின்றார் ஞானதுரை.

அவருக்கு நாற்பத்தொரு வயது. சோதனைப் பிரிவுக்கு மாறி வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. வேலை சொல்லிக்கொடுக்கிற செண்பகவல்லிக்கு இருபத்தொன்பது. அவள் அவரை அண்ணே என்பாள், அவர் அவளை மேடம் என்பார். அதில் இரண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை.

அங்கே வேலை இதுதான். பெரிய கம்ப்யூட்டரில் தேதியை முன்னால் தள்ளி வைப்பார்கள். அந்த நாள் வரும்போது எல்லாம் ஒழுங்காக நடக்குமா என்று இப்போதே பார்த்துவிடுவார்கள். பதினெட்டு வயது நிறைகிற பிள்ளைகளுக்கு அன்றைக்கே ஒரு கடிதம் போக வேண்டும். போகிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தாள்.

"எவ்வளவு தள்ளுனீங்க?"

"பன்னிரண்டு வருஷம்."

அவர் கையில் இருந்த தாளில், சோதனைக்காக ஒரு பிள்ளையின் பிறந்த தேதி எழுதியிருந்தது.

"இது யாரோட தேதி?"

ஞானதுரைக்கு வெட்கமாகிவிட்டது. மகள் யாழினியுடையதாம். ஏதோ ஒரு தேதி போடத்தானே வேண்டும், அவளுக்குக் கடிதம் வருவதைப் பார்க்க ஆசை என்றார். இன்றைக்கு அவளுக்கு ஆறு நிறைகிறது. ஆறு மணிக்குக் கேக் வெட்டுகிறார்கள். எனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று காலையிலேயே வீட்டில் சொல்லிவிட்டாராம். போன வருஷமும் அப்படித்தானாம்.

"எல்லாம் அவளுக்காகத்தான மேடம் ஓடுறேன்."

செண்பகவல்லி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திரையைக் காட்டினாள்.

"மெஷின் மேல தப்பில்லண்ணே. நீங்க கடைசியா உள்ளே வந்தது இன்னைக்கு. அதோட கணக்குல அதுக்கப்புறம் பன்னிரண்டு வருஷம் போயிடுச்சு. நடுவுல ஒரு நாள்கூட நீங்க எட்டிப் பார்க்கல. ரொம்ப நாள் வராதவங்களை அது வெளியே வச்சுப் பூட்டிடும்."

"அதான் இப்ப வந்து நிக்கிறேனே."

"அதுக்கு உங்களைத் தெரியலையே."

ஞானதுரை சிரிக்கப் போனார். சிரிப்பு வரவில்லை.

"இப்ப என்ன செய்யறது?"

"இங்கேன்னா நான் ஒரு வரி தட்டினாப் போதும், திறந்துடும்" என்றாள்.

தட்டவில்லை.

திரையின் மூலையில் பன்னிரண்டு வருஷத்துக்கு அப்பால் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், நிஜத்துல இப்ப மணி என்ன?"

"நாலே முக்கால். போற வழியில பலூன் வாங்கிக்கோங்கண்ணே."