அருணகிரி கப்பலில் நடத்திய போக்கர் போட்டி

திருச்சி கருமண்டபத்தில் எட்டே வீடுகள் உள்ள அந்த அடுக்ககத்தில் கார் நிறுத்த நிழலான இடம் ஒன்றுதான். ஒரு வருஷத்துக்கு அது யாருக்கு என்று இரண்டு மாதமாகச் சண்டை போட்டு ஓய்ந்தவர்கள், கடைசியில் போக்கர் ஆடித் தீர்த்துக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். போட்டியை நடத்தும் பொறுப்பு அருணகிரி தலையில் விழுந்தது. விழாமல் என்ன செய்யும்? சரக்குக் கப்பலில் இருபத்தோரு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்ததையும், போக்கரில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பதையும் லிஃப்டில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

உண்மையில் அவர் ஆடுகிறவர்களுக்கு டீ கொடுத்ததோடு சரி.

ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு, உதவிக்கு என்று அதே அடுக்ககத்துக் கணக்கு டீச்சர் பிலோமினாவும் மருந்துக்கடை ஜபருல்லாவும் அவர் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நாலு மணிக்கு ஆட்டம். பிலோமினா பெட்டியைத் திறந்து, பணத்துக்குப் பதிலாகப் பந்தயம் வைக்கிற வண்ண வண்ணச் சிப்ஸ் வில்லைகளை மேஜையில் கொட்டினார்.

“ஆளுக்கு எத்தனை சார்?”

அருணகிரிக்கு அது தெரியாது. வாய் மட்டும் தானாகவே திறந்துகொண்டது.

“எட்டுப் பேருக்குப் பிரிக்கிறதெல்லாம் ஒரு வேலையா டீச்சர்? பசிபிக் கடல்ல முப்பத்தாறு பேருக்குப் பிரிச்சவன் நான். அப்ப சிப்ஸே கிடையாது. வெள்ளைக்கு முள்ளங்கி, சிவப்புக்கு கேரட். வட்டவட்டமா நறுக்கிக் குடுத்தேன்.”

“வாடிடாதா அண்ணே?” என்றார் ஜபருல்லா.

“வாடுறதுக்கு எங்க விட்டானுங்க? செகண்ட் ஆபீசர் கையில நாலு ஏஸ் இருந்துச்சு. ஆனா பந்தயம் வைக்கச் சிப்ஸ் இல்ல. பசியில அத்தனையும் தின்னுட்டாரு.”

பிலோமினா சிரிக்கவில்லை. வெள்ளை பன்னிரண்டு, சிவப்பு ஏழு, பச்சை நாலு என்று அடுக்கிக்கொண்டிருந்தார். ஓரக்கண்ணால் பார்த்த அருணகிரி, “அதேதான். நானும் இப்படித்தான் பிரிச்சேன்,” என்றார்.

“வெள்ளை இருபத்தஞ்சு, சிவப்பு நூறு, பச்சை ஐநூறு. ஆளுக்கு மூவாயிரம் வருது. பிளைண்ட் எவ்வளவுல ஆரம்பிக்கலாம்?”

சீட்டைப் பார்க்காமலே இரண்டு பேர் கட்டாயம் வைக்க வேண்டிய பந்தயம் அது என்பது வரைக்கும் அவருக்குத் தெரியும். எவ்வளவு என்பதுதான் தெரியாது.

“பிளைண்டை ஏத்திக்கிட்டே போகணும் டீச்சர். இல்லன்னா ஆட்டம் முடியாது. நான் கால் மணிக்கு ஒரு தடவை ஏத்தினேன். காய்கறி தீந்து போச்சு. அப்புறம் என்ன, கன்டெய்னர்தான். சின்ன பிளைண்டுக்கு ஒரு கன்டெய்னர், பெரிய பிளைண்டுக்கு ரெண்டு.”

“இரும்புக் கன்டெய்னரா?”

“பின்ன அட்டைப்பெட்டியா? ஒருத்தன் ‘ஆல்-இன்’னு சொன்னான்னா, இருக்கிற அத்தனையும் நடுவுல வைக்கணும்ல? கிரேன் நாப்பது நிமிஷம் வேலை செய்யும். அதுக்குள்ள நாங்க சாப்பிட்டுக் கைகழுவிட்டு வந்துருவோம்.”

“கையில ஒண்ணுமில்லாம இருக்கிற மாதிரி ஏமாத்தணுமே, அந்த பிளஃப் எப்படி அண்ணே பண்ணீங்க?”

“உள்ள காலி கன்டெய்னர். அதான்யா பிளஃப்பு.”

ஜபருல்லா அவரை ஒரு மரியாதையோடு பார்த்தார். அருணகிரிக்குத் தைரியம் கூடியது. நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை.

“கடைசியில நானும் கேப்டனும்தான். பிளைண்டு எங்கயோ போயிருச்சு. அவருகிட்ட வைக்க ஒண்ணுமில்ல. நங்கூரத்தை வெச்சாரு. ஜெயிச்சேன். இன்ஜினை வெச்சாரு. ஜெயிச்சேன். தொப்பியைக் கழட்டி, ‘அருணகிரி, இந்தா கப்பல்’னாரு. அதையும் ஜெயிச்சேன்.”

“இப்ப எங்க அந்தக் கப்பல்?”

“திருப்பிக் குடுத்துட்டேன் தம்பி. ஒரு காரை நிறுத்தவே நமக்கு எடமில்ல, கப்பலைக் கொண்டாந்து எங்க நிறுத்துறது?”

ஜபருல்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிலோமினா ஒரு தாளில் ‘25, 50, இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை இரட்டிப்பு’ என்று எழுதிச் சுவரில் ஒட்டினார். எட்டு சிப்ஸ் அடுக்குகளும் எட்டு நாற்காலிகளுக்கு முன்னால் வரிசையாக நின்றன. வாசலில் செருப்புகள் கழலும் சத்தம் கேட்டது. தப்பித்தோம் என்று அருணகிரி மூச்சு விட்டார்.

“எல்லாம் நீங்க சொன்ன மாதிரியே வெச்சாச்சு சார்,” என்றார் பிலோமினா. “ஒண்ணே ஒண்ணு கேக்கணும். சீட்டுப் போடுறவருக்கு எந்தக் கைப்பக்கம் இருக்கிறவங்க முதல்ல பிளைண்ட் வைக்கணும்?”

அருணகிரி இடது கையைப் பார்த்தார். வலது கையைப் பார்த்தார்.

“அது... கப்பல் எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம் டீச்சர்.”

பிலோமினா சீட்டுக்கட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“இது ரெண்டாவது மாடி சார். சாயாது. இடது பக்கம்.”