பிரேத மொழிக்கு மூன்று விதிகள்

மருதவாய் நாட்டில் அரசர் செத்த பிறகும் அதிகாரம் சாகவில்லை. குழிக்குள்ளிருந்து அவர் பேசுவதாகவும், அது பிரேத மொழி என்றும் சொன்ன பண்டிதர் வச்சிரபாதர், அதற்கு இலக்கணமும் எழுதினார். வினைச்சொல் முதலில் வரும், 'நான்' கிடையாது, 'நாளை' கிடையாது.

ஒரு மாலை இளவரசரும் பண்டிதரும் இடுகாட்டு எல்லைக்கல்லருகே நின்றார்கள். தீட்டென்று அரண்மனைக் கால்கள் அதைத் தாண்டுவதில்லை. பண்டிதர் ஏதோ கேட்டார். குழிப்பக்கமிருந்து ஈரக் குரல் ஒன்று, "ஊழும் மாரே" என்றது. காகங்கள்கூட அடங்கிப்போயின.

"சேரி ஏரி அரண்மனைக்கு வேண்டுமாம்" என்று பண்டிதர் பொருள் சொன்னார்.

குழிவெட்டும் சுடலி முன்னால் வந்தாள். அந்த ஏரி போனால் அவள் சனத்துக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை.

"நானும் ராசாகிட்ட ஒண்ணு கேக்கணும் சாமி."

"பிரேத மொழியில் கேள். ஒரு விதி பிசகினாலும் நாக்கை அறுப்பேன்" என்றார் பண்டிதர்.

"அப்ப என் கேள்வியையும் நீங்களே கேளுங்க. ராசாவோட தலை எந்தப் பக்கம் இருக்கு?"

பண்டிதர் முனகினார். குழியும் முனகியது. "தெற்கே!" என்றார்.

சுடலி மண்ணைத் தள்ளி மூடுபலகையை நெம்பினாள். உள்ளே எலும்புத்துண்டுகூட இல்லை.

"போன வெள்ளத்துல குழி கரைஞ்சுது. நாங்கதான் ராசாவை மேட்டுல புதைச்சோம். சொல்ல வந்தோம், வாசல்லேயே விரட்டிட்டீங்க. ஒரு வருசமா இதுக்குள்ள பேசுறது யாரு சாமி?"

இளவரசர் முதன்முறையாகக் கல்லைத் தாண்டி வந்து எட்டிப் பார்த்தார். "பண்டிதரே, இன்னொரு முறை கேளும்."

பண்டிதர் வாயை இறுக மூடிக்கொண்டார். குழியும் பேசவில்லை. ஏரி சேரியிடமே நின்றது.