கோயம்புத்தூர் சர்வருக்குக் காவல் எதற்கு?

பஸ் டிக்கெட் விற்கும் அந்தக் கம்பெனியில் ஆயுத பூஜை அன்றும் சர்வருக்குக் காவலாக ஓர் ஆள் இருந்தாக வேண்டும். யாரும் சிக்காவிட்டால் டீம் லீடர் கோமதியே இருக்க வேண்டியதுதான். அன்றைக்குப் பார்த்துத்தான் சங்கரன்கோவிலில் அவள் தங்கைக்கு வளைகாப்பு. அந்த வயிற்றெரிச்சலோடு அவள் கேன்டீனில் உட்கார்ந்திருந்தபோது அவள் டீமில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பூபாலன் கையில் வடையோடு வந்தான். கூடவே சைமன். பூபாலன் புளுக, சைமன் ஆமாம் போட, அப்படியே பழகிவிட்டார்கள்.

"காவலே வேண்டாம் மேடம். சென்னை சர்வர்ல ஏறுற ஒவ்வொரு டிக்கெட்டும் அந்த நொடியே கோயம்புத்தூர் சர்வர்லயும் ஏறுது. இது படுத்தா அது எந்திரிச்சு வேலை பார்க்கும். எல்லாம் நான் பழக்கி விட்டது. நாங்க ரெண்டு பேரும் நிம்மதியா ஊருக்குப் போவோம்," என்றான் பூபாலன்.

"எவ்வளவு வேகமா எந்திரிக்கும்?"

"போன பொங்கலுக்கு இது படுக்குறதுக்கு முன்னாடியே அது எந்திரிச்சிருச்சு."

"ஆமா மேடம். இது கொட்டாவிதான் விட்டுச்சு," என்றான் சைமன்.

கோமதி டீயை ஆற்றினாள். நம்பவில்லை என்று சொல்ல அவளுக்கு ஒன்றும் அவசரமில்லை.

"சரி, படுத்தது திரும்ப எந்திரிச்சா, விட்டுப்போன டிக்கெட்டையெல்லாம் வாங்கி ஏத்திக்கணுமே?"

"ஏத்திக்கிச்சு. நான் முடுக்கின முடுக்குல அதையும் தாண்டிப் போயிருச்சு. மறுநாள் விக்க வேண்டிய டிக்கெட்டெல்லாம் முதல் நாளே ஏறி நின்னுச்சு மேடம்! நாங்களே போன் போட்டு, 'ஐயா, நாளைக்கு நீங்க ஊருக்குப் போறீங்க, துணிமணி எடுத்து வைங்க'ன்னு..."

வடை தொண்டையில் அடைத்தது. பூபாலன் கண் பிதுங்க இருமினான்.

"...சொன்னோம்," என்று அதே மூச்சில் பிடித்துக்கொண்டான் சைமன். "ஒருத்தர், 'நான் எங்கயும் போகலையே'ன்னாரு. சாயங்காலமே அவர் மாமனார் செத்துட்டாரு."

பூபாலன் தண்ணீர் குடித்து நிமிர்ந்தான். "சாவா? மாமனாருக்குக் கல்யாணம்டா."

"சாவுண்ணே."

"கல்யாணம்!"

"பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்பாங்க. அந்த மனுஷன் இருக்காரா இல்லையா?" என்று கேட்டாள் கோமதி.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பூபாலன் அசரவில்லை.

"ரெண்டும்தான் மேடம். சென்னை சர்வர் கல்யாணத்துக்கு டிக்கெட் போட்டுச்சு, கோயம்புத்தூர் சர்வர் சாவுக்குப் போட்டுச்சு. ரெண்டும் நான்தான் பெரியவன்னு நின்னுச்சு. மருமகன் ரெண்டு பஸ்லயும் ஏறி ரெண்டுக்கும் போயிட்டு வந்தாரு."

"ஆமா மேடம். ரெண்டுலயும் ஜன்னல் சீட்டு."

கோமதி சிரிக்கவில்லை. மனசு மட்டும் குளிர்ந்துபோயிருந்தது.

"நீங்க இருமினதும் சைமன் ஒரு வார்த்தை சிந்தாம எடுத்துக்கிட்டாரே, அதைக் கண்ணால பார்த்தேன், நம்புறேன். நீங்க எந்திரிச்சதும் ஆளுக்கொரு பேச்சு பேசினீங்க, அதையும் பார்த்தேன். அப்ப சர்வரும் இப்படித்தான் பண்ணும். எது நிஜம்னு பார்க்க ஆள் வேணும். ஒருத்தர் படுத்தாலும் இன்னொருத்தர் இருக்கணும். ஆயுத பூஜைக்கு நீங்க ரெண்டு பேருமே டியூட்டி."

"ரெண்டு பேருமா?" என்றார்கள் இருவரும். இந்த முறை ஒரே நொடியில்.

கோமதி டீயைக் குடித்து முடித்து எழுந்தாள்.

"சங்கரன்கோவிலுக்கு எனக்கு ஒரு டிக்கெட் போடுங்க. ஒரு பஸ் போதும்."